இரண்டு தம்பிகளின் உறைகள்

பியாட்ரிஸ் டீச்சர் கோயில் மண்டபத்துக்குள் வந்தாள். தபால்தலைக் கண்காட்சி தொடங்கும் நேரம். மேஜைமேல் அவளுடைய ஆல்பம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. இடது பக்கத்தில் பழைய தபால் உறைகள் பத்திரமாக இருந்தன. வலது பக்கத்தில் உறைகளைப் பிடித்து வைக்கும் முக்கோணக் காகித மூலைகள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

"இங்க இருந்த கவருங்க எங்க சார்?"

கண்காட்சியை நடத்துகிற மிஷன் சபைச் செயலாளர் ஆம்ப்ரோஸ் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அந்த செகப்புக் கட்சிக்காரன் கவரா? நான்தான் எடுத்தேன். கோயிலக் கொளுத்தினவனுங்க, சாமியாருங்கள சுட்டவனுங்க. அவனுங்க ஸ்டாம்ப மாதா சுரூபத்துக்குக் கீழ வைக்கலாமா? நீயே சொல்லும்மா."

"எடுத்து இன்னா பண்ணீங்க?"

"வீணாக்கல. ஸ்டாம்ப வெட்டி மிஷன் பெட்டில போட்டுட்டேன். மீதிக் காகிதத்த வாட்ச்மேன் அடுப்புக்கு எடுத்துக்கினு போய்ட்டான்."

மயிலாப்பூரில் அந்த மாதா கோயில் பங்கைச் சேர்ந்த வீடுகளில் தபால் வந்தால் முதலில் கத்திரிக்கோலைத்தான் தேடுவார்கள். ஸ்டாம்பைச் சுற்றி விரற்கடை காகிதம் விட்டு வெட்டிக் கோயில் பெட்டியில் போட்டால் அது எந்தத் தேசத்திலோ விலையாகி மிஷனுக்குப் போய்ச் சேரும். புண்ணியம். உறை அவர்களுக்குக் குப்பை. உறைதான் சரக்கு, எந்த ஊரில் எந்தத் தேதியில் போட்டது, எந்தப் பட்டாளத்துத் தணிக்கைக்காரன் பிரித்துப் படித்து முத்திரை குத்தினான் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று பியாட்ரிஸ் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. ஆம்ப்ரோஸ் காதில் ஏறினால்தானே. தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம். நல்லது செய்துவிட்டேன் என்று நிமிர்ந்து நிற்கிற மனுஷனை என்ன செய்வது?

அதுவும் எந்த உறைகள். ஸ்பெயினில் உள்நாட்டுச் சண்டை நடந்தபோது கான்வென்டில் தையல் சொல்லிக்கொடுக்கும், அந்த நாட்டவரான மதர் பிலாருக்கு வந்தவை. மதருக்கு இரண்டு தம்பிகள். பெரியவன் ஹோசே கோயில் பக்கம் நின்ற பட்டாளத்தில், சின்னவன் மிகேல் அதை எதிர்த்த சிவப்புப் பட்டாளத்தில். இருவரும் அக்காவுக்கு எழுதினார்கள். இருவரும் திரும்பவில்லை. கன்னியாஸ்திரீ எதையும் தனதென்று வைத்துக்கொள்ளக் கூடாது. கடிதங்களை மடத்து விதிப்படி கிழித்துப் போட்ட மதர், உறைகளை மட்டும் பியாட்ரிஸ் கையில் திணித்து, "உன் புத்தகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வை," என்றார். அவ்வளவுதான் கேட்டார். இத்தனை வருஷம் கழித்து அவற்றை ஒரு தரம் பார்க்க இன்றைக்குத்தான் மடத்துத் தலைவி அனுமதி தந்திருந்தாள்.

பியாட்ரிஸ் மிஷன் பெட்டியைத் தூக்கி மேஜைமேல் கவிழ்த்தாள். ஆம்ப்ரோஸ் பதறிக்கொண்டு ஓடி வந்தார். அவள் லட்சியம் செய்யவில்லை. ஊர்ப்பட்ட ஸ்டாம்புகளுக்கு நடுவில் மிகேலின் மூன்றும் கிடைத்தன. மனுஷர் ஒழுங்காகவே வெட்டியிருந்தார். அந்தப் பிள்ளையின் கையெழுத்தில் ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை.

அதற்குள் மதர் பிலார் இன்னொரு சிஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். மேஜையருகே குனிந்து, ஹோசே எழுதிய தன் பெயரை விரலால் தொட்டார். விரல் வலப்பக்கம் நகர்ந்து வெறும் காகிதத்தில் நின்றது.

"சின்னவன் எங்கே?"

பியாட்ரிஸ் மூன்று ஸ்டாம்புகளையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஆம்ப்ரோஸ்தான் பேசினார். "மதர், அது நம்ம எதிரிங்க கவரு. அதான் நான்..."

"அதில் என் பெயர் எழுதியிருந்தது," என்றார் மதர், பள்ளிக்கூடத்துத் தமிழில்.

மதர் ஆம்ப்ரோஸைப் பார்க்கக்கூட இல்லை.

"பியாட்ரிஸ், பெரியவனையும் எடுத்துவிடு. தம்பி இல்லாத இடத்தில் அவன் இருக்க வேண்டாம்."

பியாட்ரிஸ் ஹோசேயின் உறைகளை ஒவ்வொன்றாக உருவி மதரின் கையில் வைத்தாள். மதர் தயங்கினார். கூட வந்த சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மதர் உறைகளை அங்கிக்குள் செருகிக்கொண்டு மெல்ல நடந்து போனார்.

"அப்போ அந்த ஆல்பத்த மூடி வச்சிடும்மா," என்றார் ஆம்ப்ரோஸ். "பிஷப் இல்லத்திலேர்ந்து ஆளுங்க வராங்க. வெறும் பக்கத்தப் பார்த்தா இன்னா நினைப்பாங்க?"

"தொறந்துதான் இருக்கும்."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த ஆல்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் வெறுமை. அடியில் அவள் எழுதியிருந்த இரண்டு தம்பிகளின் பெயர்கள் மட்டும். இது என்ன என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொன்னாள். யார் வெட்டியது என்று கேட்டபோது, எழுந்து நின்று ஆம்ப்ரோஸை நோக்கிக் கையை நீட்டிக் காட்டினாள்.