பச்சைப் புள்ளி

வெயிலின் கதிர் அளவெடுக்க வந்தவள் வண்டியை நிறுத்துவதற்குள் மேஸ்திரியின் மண்வெட்டிக் காம்பு அவள் அண்ணனின் முதுகில் இரண்டாவது தடவையும் இறங்கிவிட்டது. ரோடு ரோலரின் நிழலில் குந்தியிருந்தவன் ஜல்லியில் குப்புற விழுந்தான். பத்துப் பேரும் தார்ச்சட்டியை இறக்காமல் பார்த்தார்கள்.

போன வாரம் இதே இடத்தில் அவள்தான் பாடம் எடுத்தாள். பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயிலில் நிற்காதீர்கள், ஆறாத உதட்டுப் புண்ணை அலட்சியம் செய்யாதீர்கள், புற்றாகிவிடும் என்று. அண்ணனின் கீழுதட்டுப் புண்ணுக்கு ஆறு மாதம் ஆகிறது. பள்ளியை விட்டு அவன் தார்ச்சட்டி தூக்கியதால்தான் அவள் பெயருக்கு முன்னால் முனைவர் ஒட்டியிருக்கிறது.

மேஸ்திரி காம்பைக் கீழே போடவில்லை. கைபேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“வாங்க டாக்டரம்மா. காலைல நீங்கதானே பச்சை போட்டு அனுப்புனீங்க? பச்சைன்னா வேலை. உங்க அண்ணனுக்கு மட்டும் சிவப்பா?”

பச்சைதான். ஓசோன் அளவு இயல்பு என்று தினமும் காலையில் எல்லா வேலைத்தளங்களுக்கும் பச்சைப் புள்ளி வைத்துச் செய்தி போடுவது அவள். மேலே ஓசோன் படலம் நன்றாக இருந்தாலும் நடுப்பகல் வெயில் தோலைத் தின்னும் என்பது ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். வெளியில் யாருக்குத் தெரியும்? புற ஊதாக் கதிர்க் கணக்கையும் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, ஜனங்களைப் பயமுறுத்தாதே என்றார் இயக்குநர். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு மூன்று வருடம் பச்சை போட்டாள். படித்து என்னத்தைக் கிழித்தாள்?

“அந்தப் பச்சை தப்பு. போட்டது நான். அவனைத் தொடாத.”

மேஸ்திரி சிரித்தான். காம்பு மறுபடி உயர்ந்தது. அவள் கையிலிருந்த கதிர் அளக்கும் கருவி, ஒரு செங்கல் கனம், அவன் காதோரம் போய் இடித்தது. உடைந்தது எலும்பா கண்ணாடியா தெரியவில்லை. அவன் மண்டியிட்ட பிறகும் அடித்தாள். அதில் இயக்குநருக்கும் சேர்த்து இருந்தது, அவளுக்கும் இருந்தது.

அண்ணன்தான் எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தான். புண் கிழிந்து தாடையெல்லாம் ரத்தம்.

“போதும் பாப்பா. நாளைக்கும் நான் இங்கதான் வரணும்.”

அவன் நிழலுக்குத் திரும்பவில்லை. கொதிக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளியில் போய் நின்றான். அவள் ஓடிப்போய் அவனை மறைத்துக் கைகளை விரித்து நின்றாள். உச்சி வெயில். அவளுடைய நிழல் அவள் செருப்பைத் தாண்டவில்லை.