கோளாறு இல்லாத பிரேக்

இரண்டு முறை நான் ஓட்டுநர் தேர்வில் தோற்றதற்குக் காரணம் அக்கா வீட்டுக் காரின் பிரேக்தான். இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. காய்கறிக் கடைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். பாவம், கையில் பிடித்த முட்டைக்கோஸைக் கீழே வைக்காமல் கடைசி வரை கேட்டார்.

மூன்றாவது தேர்வு சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. இந்த முறை விளையாட்டில்லை. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை தேர்ச்சிச் சீட்டைக் காட்டினால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து நிற்கும் பெண்ணுக்கு.

"பிரேக் பேட் தேஞ்சிருக்கும்மா. புதுசு வாங்கி வச்சிருக்கேன். நானே மாத்திடறேன்" என்றார் அக்காவின் கணவர். அத்தான் கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு கொசுக்கால் அளவு சக்கரத்தைக்கூடக் கழற்றி மாட்டிவிடுவார். கார் சக்கரம் அதைவிடப் பெரியதுதானே, கஷ்டமே இருக்காது என்பது அவர் கணக்கு.

நான் ஓட்டிப் பழகும்போது பக்கத்தில் உட்கார்ந்து வந்ததும் அவர்தான். நல்ல மனிதர். ஆனால் பஸ், ரயில் எதில் ஏறினாலும் அடுத்த நிமிடமே குறட்டை விடுகிறவர், நான் ஓட்டும்போது மட்டும் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டார். என் மேல் அவ்வளவு மரியாதை என்று நினைத்திருந்தேன். அவர் காலடியில் கிடந்த ரப்பர் கால்மிதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. மட்டமான சரக்கை வாங்கிப் போட்டுவிட்டார் என்று அதற்கும் அவரையே திட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை பத்து மணிக்குள் முன்சக்கரங்கள் இரண்டிலும் பேட் மாற்றியாகிவிட்டது. ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். வெண்ணெயில் கால் வைத்ததுபோல் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது.

"அய்யோ, பிரேக்கே இல்ல!"

அத்தான் போனில் வீடியோவைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். "பதறாத. புது பேட் போட்டா அப்படித்தானாம். நின்ன இடத்துலயே நாலஞ்சு தடவ மிதி."

மிதித்தேன். பெடல் கெட்டியானது. வயிற்றில் பாலை வார்த்தார் என்று மெதுவாகத் தெருவில் உருட்டினேன். பிரேக் பிடித்ததும் வலது சக்கரம் கிறீச்சென்று கத்தியது. எதிர்வீட்டு நாய் பதில் குரல் கொடுத்தது.

"இது ஒண்ணுமில்ல, அஞ்சு நிமிஷ வேலை" என்று அத்தான் வலது சக்கரத்தை மட்டும் மறுபடி கழற்றினார். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மாட்டியும் முடித்திருந்தார். இப்போது சத்தம் இல்லை. ஆனால் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்பதற்குப் பதிலாக இடப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியது. பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியில் முட்டித்தான் நின்றது. மணி பன்னிரண்டரை. உதிரிபாகக் கடையும் அரைநாளோடு மூடியாயிற்று.

நோயாளி எதையோ மறைக்கிறார் என்றால் எனக்கு மூக்கு வியர்த்துவிடும். இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன். "ரெண்டாவது தடவ கழட்டினப்ப என்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ஒண்ணும் செய்யலம்மா. மூடறதுக்கு முன்னாடி வழக்கமா வைக்கிறதுதான். ஒரு சொட்டு எண்ணெய்."

"எதுல?"

"பேட் கவ்வுற டிஸ்க்லதான். பேட்லயும் லேசா."

இருபத்தைந்து வருடமாக எந்தக் கடிகாரத்தையும் எண்ணெய் வைக்காமல் மூடியதில்லை அந்தக் கை. அதற்குப் பிரேக் என்றால் என்ன தெரியும்? வலது சக்கரம் வழுக்குகிறது, இடது சக்கரம் மட்டும் பிடிக்கிறது, வண்டி இழுக்காமல் என்ன செய்யும்? எனக்கு வந்த கோபத்தில் அந்த நாய்கூட வாயை மூடிக்கொண்டது.

அத்தான் தலையைச் சொறிந்தார். "எண்ணெய் குடிச்ச பேட் இனிமே ஆகாது. ரெண்டு பக்கமும் பழசையே போட்டுடலாமா?"

"தேஞ்சு போனதையா?"

அதற்குள் அக்கா அவருடைய மேசையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டாள். அத்தான் எதைக் கழற்றினாலும் டப்பாவில் போட்டு, அதன் நிலைமையைச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுவார். அது கடைப் பழக்கம். வாய் வார்த்தையில் முன்னே பின்னே சொல்லுவாரே தவிர, சீட்டில் பொய் எழுத அவருக்கு வராது.

சீட்டில் எழுதியிருந்தது: 'பிரேக் பேட், நான்கு. முக்கால்வாசி மீதி. கோளாறு இல்லை.'

இரண்டு முறை படித்தேன். "அப்போ எதுக்கு மாத்தினீங்க?"

அத்தான் ஜாக்கியைத் துடைக்க ஆரம்பித்தார். அக்காதான் வாயைத் திறந்தாள். "அந்தக் கால்மிதி ஓட்டையப் போய்ப் பாரு. நீ பிரேக் மிதிக்க வேண்டிய நேரத்துல எல்லாம் அவர் மிதிச்சு மிதிச்சு விழுந்த ஓட்டை அது. உன் வாய்க்குப் பயந்து யாரும் சொல்லல."

எனக்கு முகமெல்லாம் சூடேறியது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாள் ஊரெல்லாம் காரைத் திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இந்த மனிதர் அதற்கு ஆமாம் போட்டுக்கொண்டே பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"நல்லாத்தான் ஓட்டற" என்றார் அத்தான், ஜாக்கியைப் பார்த்தே. "பிரேக் மட்டும் ரெண்டு செகண்ட் லேட்டு. ரெண்டு செகண்ட் ஒரு விஷயமா? முள்ள முன்னாடி தள்ளி வச்சா சரியாயிடும்."

என் மருந்துப் பையில் இருந்த ஸ்பிரிட் புட்டி முழுவதும் டிஸ்க்குக்கே போனது. ஊசி போடும் இடத்தைத் துடைப்பதுபோல் நானே எண்ணெயை வழித்துத் துடைத்தேன். அத்தான் பழைய பேட்களை மாட்டினார். பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிட்டுத் தெருவில் நான்கு முறை போய் வந்தோம். கிறீச் இல்லை, இழுப்பும் இல்லை. நான் சொன்ன இடத்தில் நின்றது. எப்போதுமே நின்றிருக்கும், நான்தான் சொல்லவில்லை.

மூன்று மணிக்குத் தேர்வு அதிகாரியம்மா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். சிக்னல் தூரத்தில் தெரிந்ததுமே மனதுக்குள் முள்ளை இரண்டு செகண்ட் முன்னே தள்ளி வைத்து மிதித்தேன். கடைக்கண்ணால் அவர் காலைப் பார்த்தேன். அசையவில்லை. அடுத்த திருப்பத்திலும் அசையவில்லை. கடைசியில் ஒரு முத்திரை குத்தி, "போகலாம்" என்றார். தேர்ச்சிச் சீட்டை வாங்கி மருந்துப் பைக்குள் பத்திரமாக வைத்தேன்.

வெளியே காத்திருந்த அத்தானைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கும் நானே ஓட்டினேன். பெரிய சாலை வந்ததும், "அத்தான், திங்கக்கிழமை உங்களுக்கு ஒரு கால்மிதி வாங்கித் தரேன்" என்றேன். திரும்பிப் பார்த்தால், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, வாயைப் பிளந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எதிரே சிவப்பு விழுந்தது. அவர் தூக்கம் கலையக்கூடாதென்று வெகு முன்னதாகவே மெல்ல மிதித்தேன்.