ஆறு ஊசிக்கும் அசையாத ஒரெஸ்ட்

1
இந்தக் கதை எனக்கு மருந்துக்கடையில் கிடைத்தது. கனடாவின் சாஸ்கட்டூனில், அந்தக் கடையில் ஊசி போடுவது என் பிழைப்பு. ஊசியைப் பார்க்கப் பயந்து மனிதர்கள் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். பெயர்களை மட்டும் மாற்றினேன். (சரி, மற்றதையும் கொஞ்சம்.)

2
தொடக்கம்: "பனி பெய்துகொண்டிருந்தது." அடித்துவிட்டேன். இங்கே அது எப்போதுதான் பெய்யவில்லை?

மறுபடி. ஒரெஸ்டுக்கு எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். பனித்தரையில் கல் தள்ளி ஆடும் கர்லிங் கூடத்தில் லியனைச் சந்தித்தார். பேச்சு கல்யாணம்வரை போய்விட்டது. லியனுக்குப் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்த ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் கிருமி. ரத்தத்தில் தொற்றும், படுக்கையிலும் தொற்றும். அவளுடைய அண்ணன் அதனால்தான் கல்லீரல் புற்று வந்து இறந்துபோனார்.

"உன் உடம்புல எதிர்ப்பு சக்தி வந்துடுச்சுன்னு தாள்ல காட்டு கிழவா, அப்புறம் கல்யாணம்" என்றாள்.

3
அவருக்கு மூன்று தடுப்பூசி போட்டேன். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு சக்தி ஒன்றுமில்லை. இன்னும் மூன்று. மறுபடியும் ஒன்றுமில்லை. வயதானால் சிலர் உடம்பு அப்படித்தான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

(ஒரெஸ்ட் நேர்மையானவர் என்று எழுத ஆசை. ஆனால் அவர் கேட்டது இது.)

"அம்மணி, அந்தத் தாள்ல நம்பரைக் கொஞ்சம் ஏத்திப் போடேன்."

"உங்க கல்லீரல் என்னாகும்?"

"அது கிடக்குது. இந்த வயசுல இன்னொரு லியனுக்கு நான் எங்க போவேன்?"

எனக்குப் பாவமாக இருந்தது. மாட்டேன் என்றேன்.

4
முடிவு, முதல் முயற்சி: லியன் தன் கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திற— வேண்டாம், கை வரவில்லை.

நடந்ததையே எழுதுகிறேன். லியனைக் கடைக்கே கூட்டிவந்து, என் மேசை முன்னாலேயே அவளிடம் தாளை நீட்டினார் ஒரெஸ்ட்.

"ஆறு ஊசி போட்டும் ஏறலையா? உன் மண்டை மாதிரியே உடம்பும்!" என்று சிரித்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"வேற வழி?"

"நீங்க கிருமியை அடக்கற மாத்திரையை விடாதீங்க. ஆணுறை போடணும். சவரக்கத்தி, பல் பிரஷ் தனித்தனி. ஆபத்து ரொம்பக் குறையும்."

"இல்லாமப் போகுமா?"

"போகாது."

"எனக்குப் பயமில்ல" என்றார் ஒரெஸ்ட்.

"உன்னை யாரு கேட்டா? பயம் எனக்கு. அண்ணன் பக்கத்துல உக்காந்து பார்த்தவ நான்." கண் கலங்கிவிட்டது. "நீதான் கதையெல்லாம் எழுதறியாமே அம்மணி. நீ சொல்லு, கட்டிக்கவா, விட்டுடவா?"

எனக்கு எழுதத்தான் தெரியும். நீங்கள் சொல்லுங்கள். என்னிடம் அல்ல, அவளிடம். பார்த்துச் சொல்லுங்கள், அவர் கையை அவள் இன்னும் விடவில்லை.