பரிசீலனையில் உள்ளது

சுருக்கின் லிங்கைத் தட்டியவர்கள் எல்லாரும் அவன் வீட்டு ஹாலில் வந்து நின்றார்கள். ஐந்து விநாடி நிற்பார்கள், பிறகு மறைந்துவிடுவார்கள். முதலில் வந்தவள் ஈரத்தலையோடு ஒரு பெண். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று, சுவரைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டுப் போனாள். நீளமான இணைய முகவரிகளைக் குட்டியாக்கித் தருவதால் அவனுக்குச் சுருக்கு என்று பெயர். அந்தக் குட்டி லிங்கை நாலு பேருக்கு அனுப்புகிறவருக்குத் தட்டுக்கு இவ்வளவு என்று காசு. தட்டுகிறவர் போக வேண்டிய இடத்துக்குப் போகுமுன் ஐந்து விநாடி விளம்பரம் பார்க்க வேண்டும். அந்த ஐந்து விநாடியைத்தான் அவன் ஹாலில் கழித்தார்கள். அவர்கள் கண்ணுக்கு வீடு தெரியவில்லை, திரை மட்டும்தான் தெரிந்தது. ஏதாவது கேட்டால் திரைதான் கேட்கிறது என்று நினைத்துப் பதில் சொன்னார்கள். சுருக்கின் மனைவி ஒரு வாரம் அலறினாள். பிறகு இடம் போதவில்லை என்று சோபாவை ஓரமாக இழுத்துப் போட்டாள்.

தொழில் நன்றாகவே ஓடியது. அதன் சூட்சுமம் காசு கொடுப்பதில் இல்லை, கொடுக்காமல் இருப்பதில் இருந்தது. ஒரே கம்ப்யூட்டரிலிருந்து பல தட்டுகள் வந்தால் லிங்கை அனுப்பியவரின் கணக்கு முடங்கி, 'மோசடி' என்று சிவப்பு எழுத்தில் அறிவிப்பு போகும். முறையிட்டால் அதன் கீழே, 'உங்கள் முறையீடு பரிசீலனையில் உள்ளது. உங்களுக்கு முன்னால் இத்தனை பேர். காத்திருக்கவும்.' பரிசீலிக்க ஒரு ஈ காக்கை கிடையாது. அந்த எண்ணிக்கையும் குறையாது. நாலு நாள் பார்த்துவிட்டு, நாசமாய்ப் போக என்று சபித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது சுருக்கின் கணிப்பு. அது ஒரு முறையும் பொய்க்கவில்லை.

ஒரு கோடையில் தெரிந்த முகங்கள் வர ஆரம்பித்தன. சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கித் திரிந்த வாட்ச் கடைக்காரர் வந்தார், ஓய்வுபெற்ற கம்பவுண்டர் வந்தார், பின்னாலேயே சலவைக் கடைக்காரர். "நம்ம பையன் கம்பெனிப்பா, நல்லா தட்டுங்க," என்று யாருக்கோ சொல்லிவிட்டு மறைந்தார் வாட்ச் கடைக்காரர். ஊரில் இருக்கும் அப்பா தன்னிடம் சொல்லாமலேயே கணக்குத் தொடங்கி, வாசகசாலையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் நண்பர்களை வரிசையாக உட்காரவைக்கிறார் என்று சுருக்குக்குப் புரிந்தது. சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் அப்பாவே வந்து நின்றார். ஐந்து விநாடி ஆயிற்று, ஐந்து நிமிடம் ஆயிற்று, அவர் போகவில்லை. அவருக்கு மட்டும் தெரிந்த திரையில் 'மோசடி' என்ற ஒரு சொல்லை அவர் உதடு திரும்பத் திரும்பப் படித்தது. குடிநீர் வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்து, ஓசி டீ கூடக் குடிக்காமல் ஓய்வுபெற்ற மனிதர்.

சுருக்கு ஓடிப்போய் அப்பாவின் கணக்கைத் திறந்துவிட்டான். அப்பா அசையவில்லை.

"முன்னாடி இத்தனை பேர்னு போட்டிருக்கீங்க இல்ல? அவங்க போகாம மாமா எப்படி நகருவாரு? பஸ்ல கூட முண்டியடிக்காத மனுஷன்," என்றாள் மனைவி. பிறகு, "ஆமா, இதையெல்லாம் யாரு பாக்குறது?" என்று கேட்டாள்.

"யாருமில்ல," என்றான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முறையீடுகளை முதலிலிருந்து திறந்தான். ஒவ்வொன்றையும் திறந்ததும் அதை எழுதியவர் எதிரே வந்து நின்றார். ஒரே வீட்டில் ஒரே போனை வைத்திருந்த அக்கா தங்கைகள், விடுதி மாணவர்கள், கைக்குழந்தைக்காரி. எல்லாரும் சார் என்றார்கள். திருடன் என்று தேடினால் நூற்றுக்கு ஒருவன் கூடத் தேறவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்ததில் முதலில் கார் போயிற்று, அப்புறம் ஆபீஸ். இரண்டு மழைக்காலம் போயிற்று. அப்பா நின்றபடியே இருந்தார். மனைவி தினமும் ஒட்டடை அடிக்கும்போது அவர் தோளையும் ஒரு தட்டுத் தட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து அப்பா போனில் பேசும்போது ஹாலில் நிற்பவரின் உதடும் அசையும். மழை, முட்டிவலி என்று எல்லாம் பேசுவார். கணக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார். சுருக்கும் கேட்கமாட்டான். வெட்கம் அவன் நாக்கைக் கட்டிப் போட்டிருந்தது.

ஒரு மத்தியானம் அப்பாவின் முறை வந்தது. அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். மற்றவர்களைக் கேட்டதையே சுருக்கு அவரையும் கேட்டான்.

"எல்லாத் தட்டும் ஒரே கம்ப்யூட்டர்லேர்ந்துதானா?"

"ஆமா சார். எங்க எல்லாருக்கும் சேர்த்து அது ஒண்ணுதான் சார் இருக்கு. தப்புன்னு தெரியாது. காசு வேணாம் சார். அந்தச் சிவப்பு எழுத்தை மட்டும் எடுத்துட்டா போதும். இது என் பையன் கம்பெனிதான். அப்பன் மோசடி பண்ணான்னு அவன் காதுக்குப் போயிடக் கூடாது. பையன் அவமானம் தாங்கமாட்டான்."

சுருக்கு அந்தச் சிவப்பு எழுத்தை அழித்தான். பிறகு, "சொல்ல மாட்டோம் ஐயா," என்றான்.

"ரொம்ப நன்றி சார்," என்று கும்பிட்டுவிட்டு அப்பா மறைந்தார். அவர் நின்றிருந்த இடத்தை மனைவி துடைத்தாள். ஈரம் காயுமுன் அங்கே அடுத்தவர் வந்து நின்றார். சுருக்கு அவரை வணக்கம் சொல்லி வரவேற்றான்.