எல்லாம் நார்மல்

என் மகளின் ரத்தத்தில் வைட்டமின் டி ஒன்பதுதான் இருக்கிறது என்று தெரிந்த காலையில் நான் விசிலடித்தேன். கேட்டால் காறித் துப்புவீர்கள், துப்பிக்கொள்ளுங்கள். பெற்ற பிள்ளைக்கு ஒரு குறை என்றால் எந்த அப்பனாவது விசிலடிப்பானா? நான் அடித்தேன். முப்பதாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. பி பன்னிரண்டு இருநூறுக்கு மேல் இருக்க வேண்டும்; நூற்று நாற்பத்திரண்டு இருந்தது. "அகப்பட்டியா?" என்று அந்தக் காகிதத்தைப் பார்த்துக் கேட்டேன். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்த அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஏழு மாதமாக என் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பதினாறு வயது அவளுக்கு. வீட்டில் நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு சண்டை, எந்த டீச்சர் எப்படித் தும்முவார், பஸ்ஸில் எவன் எவன் காலை மிதித்தான், எல்லாம் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிடும். "கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசேன்டி" என்று நானே அலுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வாயிலேயே ஒன்று போட வேண்டும் எனக்கு. ஒரு நாள் ரேடியோ நின்றுபோனது. எந்த நாள் என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் சாப்பிடும்போது பேச்சு போனது. பிறகு தோழிகள் ஃபோன் செய்தால் எடுப்பது போனது. அப்புறம் பள்ளியிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுவாள். விடுமுறை நாளில் மத்தியானம் இரண்டு மணிக்கு எழுந்து, எழுந்ததே பெரிய வேலை என்பதுபோல உட்கார்ந்திருப்பாள். "என்ன ஆச்சு பாப்பா?" என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "ஒண்ணுமில்லப்பா. டயர்டா இருக்கு."

அவள் அம்மா இரண்டு வருடமாக வேறு நாட்டில், முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். அவள் இருபது நிமிடம் கேள்வி கேட்பாள், இவள் இருபது நிமிடம் "ம்" கொட்டுவாள். பிறகு ஃபோன் என் கைக்கு வரும். "நீங்க அங்க பக்கத்துல இருந்து என்னதான் பாக்கறீங்க?" என்பாள். என் அக்காவோ தன் பங்குக்கு, "கொழுப்புடா அது. ரெண்டு நாள் செல்ஃபோனைப் பிடுங்கி வெச்சுப் பாரு, தானா வழிக்கு வருவா" என்றாள். பிடுங்கினேன். ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்துவிட்டாள். அதுதான் எனக்குக் கிலி பிடித்த இடம். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வாரம் அது அணைந்தபடியே மேசையில் கிடந்தது.

நான் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவன். உள்ளறையில், இயந்திரங்களோடு. மனிதர்களை எனக்குக் குழாய்களாகத்தான் தெரியும். மஞ்சள் மூடிக் குழாய், ஊதா மூடிக் குழாய். உடம்பில் எது கெட்டாலும் அது ரத்தத்தில் வந்து நின்றாக வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பாட்டு மேசையில் அவள் கையை நீட்டச் சொல்லி, பட்டையைக் கட்டி, நானே ரத்தம் எடுத்தேன். அவள் கையைப் பிடித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. மணிக்கட்டு மெலிந்து ஒரு பிடிக்குள் அடங்கியது.

"வலிக்குதா?"

"இல்லப்பா." குழாயில் ஏறும் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னன்னு இதுல தெரிஞ்சுடுமா?"

"எல்லாம் தெரிஞ்சுடும்" என்றேன். பெரிய மேதாவி நான்.

எங்கள் பொது மருத்துவர் முடிவைப் பார்த்துவிட்டு, வாரம் ஒரு முறை ஒரு வைட்டமின் டி, தினமும் ஒரு பி பன்னிரண்டு என்று மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். "மூணு மாசம் கழிச்சு அவளையும் கூட்டிட்டு வாங்க, நான் பேசிப் பாக்கணும். சோர்வுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம். எல்லாமே இதனாலதான்னு சொல்ல முடியாது" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை.

மூன்று மாதம் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! குளிர்பெட்டிக் கதவில் அட்டவணை ஒட்டினேன். காலையில் முட்டை, இரவில் பால், விடுமுறை நாளில் பால்கனியில் நாற்காலி போட்டு இருபது நிமிடம் வெயில். ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "என்னையும் துணியோட சேத்துக் காயப் போட்டுட்டீங்களாப்பா?" என்றாள். லேசாகச் சிரித்தாள்கூட. அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு நான் இரண்டு வாரம் ஓட்டினேன்.

மாத்திரையை ஒரு நாள்கூட விட மாட்டாள். நான் மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். சாப்பிட்டு முடித்ததும் தானே எழுந்துபோய், தண்ணீர் பிடித்து, விழுங்கிவிட்டு அட்டவணையில் குறி போடுவாள். "இன்னும் எத்தனை நாள்பா?" என்று அடிக்கடி கேட்பாள். மாத்திரை தின்று அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி ரத்தம் எடுத்தேன். டி நாற்பத்தொன்று. பி பன்னிரண்டு அறுநூற்றுப் பத்து. தரையில் கால் பாவவில்லை எனக்கு. வேலை முடிந்ததும் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

"பாத்தியா! எல்லாம் நார்மல்!"

அவள் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தாள். காகிதத்தைத் திருப்பி, ஒன்றும் அச்சாகாத பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"அவ்வளவுதானாப்பா?"

"இதுக்கு மேல என்ன வேணும்? ஜெயிச்சாச்சுடி!"

"அப்போ நான் சரியாயிட்டேன்" என்றாள். சொன்னாளா, கேட்டாளா என்று நான் கவனிக்கவில்லை. "பின்னே?" என்று அவள் தலையைக் கலைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனேன்.

மருத்துவரிடம் கூட்டிப்போகவில்லை. எண்கள்தான் சரியாகிவிட்டனவே, அவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டேன். நாங்கள் அச்சடிக்கும் ஒவ்வொரு தாளின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: முடிவுகளை நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். பத்தொன்பது வருடமாக அதை ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்தவன் நான்.

மறுநாளிலிருந்து அவள் நன்றாகிவிட்டாள். மணி அடித்ததும் எழுந்தாள். குளித்தாள், தலை வாரினாள், தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். "போயிட்டு வரேன்பா" என்று வாசலில் நின்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் முழுசாக நாலு வாக்கியம் பேசினாள். "நான்தான் அப்பவே சொன்னேனே, எல்லாம் கொழுப்புதான், தானா வழிக்கு வருவான்னு" என்று என் அக்கா பெயரைத் தட்டிக்கொண்டு போனாள். நானும் நிம்மதியாகத் தூங்கினேன். கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள். கேட்காத எதையும் சொல்லவில்லை. அது என் கண்ணில் படவில்லை. பட வேண்டாம் என்று நானே இருந்தேனோ என்னவோ.

பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை. காலை பதினொரு மணிக்கு ரத்தம் எடுக்கும் வெளியறையிலிருந்து குழாய்கள் அடுக்கிய தட்டு வந்தது. மேலே கிடந்த படிவத்தில் இருக்கிற கட்டம் அத்தனையிலும் குறி. சிறுநீரகம், கல்லீரல், மூட்டுவாதம், அறுபது வயதுக்காரர்களுக்கு எடுக்கிற சோதனைகள் வரைக்கும். "எந்த மகராசன் இது, கடையையே மொத்தமா அள்ளிட்டுப் போறது?" என்று வாய்விட்டே கேட்டேன். பிறகுதான் அந்தக் குறிகளைப் பார்த்தேன். குளிர்பெட்டிக் கதவில் மூன்று மாதம் தினமும் பார்த்த அதே குறிகள். வயது பதினாறு. தொடர்பு எண் என்னுடையது. 'பரிசோதனைக்கான காரணம்' என்ற இடத்தில், 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள்.

குழாயைக் கையில் எடுத்தேன். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே ஓடினேன். ரத்தம் எடுக்கும் அக்கா ஊசியும் கையுமாகத் திரும்பி, "நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க? பாப்பா அப்படித்தானே சொல்லுச்சு?" என்றார். என் மகள் சுவரோரம் கடைசி வரிசையில், சீருடையோடு, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு. சுற்றிலும் வெறும் வயிற்றோடு வந்து காத்திருக்கும் கிழவர்கள்.

பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். என் வாய் அப்படி. "ஸ்கூல் இல்லையா உனக்கு? யாரைக் கேட்டு இங்க வந்தே?" என்று அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"ரிசல்ட் எப்போ வரும்பா?" என்றாள்.

"என்னடி ரிசல்ட்? இப்பதானே பாத்தோம்? எல்லாம் நார்மல்னு சொன்னேன்ல?"

"அதுல எடுக்காத டெஸ்ட் நிறைய இருக்குல்லப்பா. ஏதாவது ஒண்ணு கம்மியா இருக்கும். நல்லாப் பாருங்க."

"கம்மியா இருக்கணும்னு யாராவது ஆசைப்படுவாங்களா?"

அவள் பஞ்சை அழுத்திக்கொண்டே பேசினாள். குரல் உயரவில்லை. "மாத்திரை போட்டா சரியாயிடும்னு சொன்னீங்க. நான் ஒரு நாள்கூட விடலப்பா. எண்ணிட்டே இருந்தேன், இன்னும் நாப்பது நாள், இன்னும் பத்து நாள்னு. இப்போ எல்லாம் நார்மல். எனக்கு எதுவுமே மாறல. அப்போ இது நோயே இல்லப்பா. நான்தான் இப்படி. நானே இப்படின்னா அதுக்கு மாத்திரை கிடையாதுல்ல?"

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "இத்தனை நாளா நல்லாத்தானே இருந்தே பாப்பா?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

கையிலிருந்த குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டு நாள் எனக்காகப் பல் துலக்கி, எனக்காகத் தலை வாரி, எனக்காக முட்டையை விழுங்கியிருக்கிறாள். நான் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். இனி கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் எந்த நோயாளியிடமும், "வெறும் வயித்துல வந்திருக்கீங்களா?" என்பதைத் தாண்டி ஒன்றும் கேட்டறியாதவன் நான். அவள் பக்கம் குனிந்து கேட்டேன்.

"செத்துடலாம்னு தோணுதா பாப்பா?"

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் அசையாமல் சுவரைப் பார்த்தார். அவள் பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது.

"சில நாள்" என்றாள்.

"இன்னைக்கு?"

"காலைல ரொம்பத் தோணுச்சு. பஸ்ல போகப் போக அதிகமாச்சு. அதான் பாதியில எறங்கி இங்க வந்துட்டேன். ஏதாவது ஒண்ணு கம்மியா இருந்துட்டா, அதுக்காகவாவது இருக்கலாமேன்னு."

அவள் பையை என் தோளில் மாட்டிக்கொண்டேன். கையைப் பிடித்து எழுப்பினேன். இரண்டாம் மாடியில் மனநல மருத்துவர் இருக்கிறார். அவர் அனுப்பும் படிவங்களில் கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை. மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறினோம். அவளுக்கு மூச்சு வாங்கியது, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஏறினோம்.

அங்கே வரவேற்பு மேசையில் இருந்த பெண் நோட்டைப் புரட்டினாள். "டோக்கன் போட்டீங்களா? இல்லன்னா மூணு மணிக்கு மேல வாங்க."

"என் பொண்ணுக்கு இன்னைக்குக் காலைல சாகணும்னு தோணியிருக்கு" என்றேன். "மூணு மணிக்கு வரச் சொல்றீங்களா?"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் முகமே தெரியவில்லை. உள்ளே கதவு திறந்தது. நரைத்த தலையோடு டாக்டரம்மா வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் என் மகளைப் பார்த்து, "வாம்மா, உள்ள வா" என்றார். "அப்பா கொஞ்ச நேரம் வெளிய இருக்கட்டும். அப்புறம் கூப்பிடறேன்."

நிலைப்படியில் அவள் திரும்பினாள். "கோபமாப்பா?"

"உன் மேல இல்லடி."

"போயிடாதீங்க."

"எங்க போகப்போறேன்? இங்கதான் உக்காந்திருப்பேன்."

கதவு சாத்திக்கொண்டது. எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அங்கே இப்போது என்ன நேரம் என்று பார்க்கவில்லை. நாலைந்து முறை மணி அடித்த பிறகு தூக்கக் கலக்கத்தில் எடுத்தாள்.

"நம்ம பொண்ணுக்கு உடம்பு சரியில்ல" என்றேன். "கெளம்பி வா."

"என்ன கம்மியா இருக்கு?" என்று கேட்டாள். "டி-யா?"

"ஒண்ணும் கம்மி இல்ல. நீ வா" என்றேன். சொல்லும்போதே அழுதேன்.