அறுபத்து மூன்று வினாடி

சாதுல்லாவின் உடல் வைத்த சந்தூக்கைத் தோளில் ஏற்றி, கலிமா சொல்லிக்கொண்டே ஆண்கள் தெருவில் இறங்கினார்கள். ரோஷன் பேகம் ஜன்னல் திரையை ஒரு விரல் அகலம் விலக்கிப் பார்த்தாள். கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. இருபத்திரண்டு வருஷம் எந்த வண்டியிலும் பக்கத்தில் உட்கார்ந்து போனவள், இந்த ஒரு தடவை கணவரைத் தனியாக அனுப்பினாள். கூட்டம் மசூதிப் பக்கம் திரும்பியதும் வாசலில், மீட்டர் பழுதுக்கு வந்த உத்தமனின் டாக்சி மட்டும் நின்றது.

சாதுல்லா பூந்தமல்லியில் கார்களின் வேகம் காட்டும் மீட்டரைப் பழுது பார்ப்பவர். பூட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆளில்லை. திருமழிசைப் பக்கம் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். முள் அறுபதிலேயே நிற்கும்படி அவர் ஓட்டுவார். ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எத்தனை வினாடி என்று பக்கத்தில் இருப்பவர் கடிகாரம் பார்த்துச் சொல்ல வேண்டும். அறுபது வந்தால் மீட்டர் சரி. கூட வந்தவனெல்லாம் பராக்குப் பார்க்கிறான் என்று அலுத்துக்கொண்டு, கல்யாணமான புதிதிலேயே ரோஷனைக் கூட்டிப் போனார். பாய் பெண்டாட்டியை ஓசியில் சவாரி அழைத்துப் போகிறார் என்று தெரு பேசியது. பேசட்டுமே. கல் வந்ததும் அவள் ‘இப்போ’ என்பாள். அடுத்த கல்லில் இன்னொரு ‘இப்போ’. அவர், ‘எவ்ளோ?’ என்பார்.

நேற்று மதியமும் உத்தமனின் டாக்சியில் அப்படித்தான் போனார்கள். முதல் கல் தாண்டியதும் அவர் ஒரு கையால் நெஞ்சைத் தேய்த்தார். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டாள்.

“நீ கல்லைப் பாரு,” என்றார்.

அவள் அவரைத்தான் பார்த்தாள். சட்டென்று திரும்பியபோது இரண்டாவது கல் ஒரு கரண்டுக் கம்பத் தூரம் பின்னால் போய்விட்டிருந்தது. ‘இப்போ’ என்றாள். அவர் கேட்டதும், அறுபத்து மூன்று என்று சொன்னாள். அந்த வேகத்தில் கம்பத்துக்குக் கம்பம் மூன்று வினாடி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தவறவிட்டேன் என்றால் வண்டியைத் திருப்பி மறுபடி ஓட்டுவார். வீட்டுக்குப் போய் மனுஷன் படுத்தால் போதும் என்றிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

எங்கே படுத்தார்! மீட்டர் மூன்று கூட்டிக் காட்டுகிறது என்று கழற்றி எடுத்துவந்து, ஜன்னலோரம் குனிந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். முள்ளுக்குப் பின்னால் மெல்லிய சுருள்கம்பி இருக்கும். அதன் கொக்கியைத் துளி நகர்த்தினால் முள் இறங்கும். தன் கைவேலை மேல் சந்தேகப்பட்டார், அவள் சொன்ன கணக்கின் மேல் சந்தேகப்படவில்லை. கண்ணாடியை நாளைக்கு மூடலாம் என்று எழுந்தார். விடியற்காலைத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

சாதுல்லாவின் தங்கை ஷம்ஷாத் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அண்ணியின் வளையல்களைக் கழற்றி ஒரு தட்டில் வைத்தாள். இனி நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக் கூடாது என்று மெதுவாக நினைவுபடுத்தினாள். கடிகாரத்தில் கை வைத்தபோது ரோஷன் மணிக்கட்டை இழுத்துக்கொண்டாள்.

“இரு. இதுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கு.”

ஷம்ஷாத் தேநீர் போடப் போனதும் ரோஷன் மீட்டரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எதை நகர்த்தினாலும் பழைய இடத்தில் பென்சில் புள்ளி வைப்பது அவர் வழக்கம். புள்ளி இருந்தது. கொக்கி அதிலிருந்து மயிரிழை தள்ளி நின்றது. அவர் விரல் கடைசியாக வைத்துவிட்டுப் போன இடம். அதைக் கலைக்க அவளுக்குக் கை வரவில்லை. அப்படியே கொடுத்துவிட்டால்தான் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் சாதுல்லா கடைசியாகப் பார்த்த மீட்டர் தப்பாக ஓடும். முதலில் அவர் பூட்டியது சரியாகத்தானே இருந்தது. கெடுத்தது இவள். நேற்றே உண்மையைச் சொல்லி, நெஞ்சுவலியா என்று சண்டை பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்கலாம். அழுதாள். பிறகு கண்ணை நன்றாகத் துடைத்துக்கொண்டாள், இல்லாவிட்டால் புள்ளி தெரியாது. ஊசி முனையால் கொக்கியைப் புள்ளிக்கே தள்ளிக் கண்ணாடியை மூடினாள்.

மண் போட்டுவிட்டு வந்த உத்தமன் வாசலிலேயே நின்றான். வண்டிக்கு அவசரமில்லை என்று சொல்லியனுப்பினான். ரோஷன் ஷம்ஷாத்திடம் மீட்டரைக் கொடுத்துவிட்டு, திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள். பூட்டிக்கொண்டு நேரே திருமழிசைக்குப் போய், கல்லுக்குக் கல் அறுபது வருகிறதா என்று ஓட்டிப் பார்க்கச் சொன்னாள்.

“பாய் கை வச்சதும்மா. அத்தப் போய் ஓட்டிப் பாக்கணுமா?”

“அவர் ஓட்டிப் பாக்காம குடுக்க மாட்டார்.”

“ரோட்டப் பாத்துக்கினு ஓட்டணும். வாச்ச யாரும்மா பாக்கறது?”

ரோஷன் திரைக்குப் பின்னால் மணிக்கட்டுக் கடிகாரத்தைத் தடவிக்கொண்டாள். உத்தமன் மீட்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டான். பிறகு, சரிம்மா, நான் போறேன் என்றான்.

மீட்டரைப் பூட்டி வண்டியைக் கிளப்பிப் போனான். ரோஷன் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள். அவன் போகும் வழியை மனசுக்குள் ஓட்டினாள்: டிரங்க் ரோட்டில் மேற்கே திரும்புவான். பஸ் நிலையம். புளியமரங்கள். முதல் கல் வரப் பதினைந்து நிமிஷம். அவள் காத்திருந்தாள்.

“இப்போ,” என்றாள்.

வினாடி முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவள் எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

“இப்போ.”

‘எவ்ளோ?’ என்று யாரும் கேட்கவில்லை.

“அறுபது,” என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைக் கழற்றி வளையல் தட்டில் வைத்தாள்.