ஏழாம் நம்பர் தறிக்குழி

வீடு கட்ட வந்த பணம் திரும்பிப் போய்விடக் கூடாது. அந்த ஆறு மாதமும் அர்த்தநாரிக்கு வேறு நினைப்பே இல்லை. ராசிபுரத்துக்குக் கிழக்கே இருந்த நெசவூர் ஒன்றுக்கு அவர் பஞ்சாயத்து போர்டு பிரசிடென்ட். தாமும் தறியில் உட்காருகிறவர். மழைக்கு ஒழுகும் குடிசையில் தறியில் கட்டிய பாவு நூல் நனைந்து கூலியை இழக்கும் குடும்பங்களுக்கு ஓட்டு வீடு கட்ட, ஜில்லா போர்டு பணம் தர ஒப்புக்கொண்டது. மனையை ஊர் காட்ட வேண்டும். மார்ச் முடிவதற்குள் குடியேறித் தறி ஓட வேண்டும். இல்லாவிட்டால் மீதித் தவணை கிடையாது.

மனையை விலைக்கு வாங்கினால் முப்பது வீடு பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். சும்மா கிடந்த புறம்போக்கு ஒன்றுதான், பிளேக் கொட்டாய் மேடு. பதினேழு வருஷத்துக்கு முன் சீக்காளிகளைக் கொண்டுபோய் அடைத்த இடம். செத்தவர்களை ஏரிக்கு அப்பால் எரித்துவிட்டதாக ஊருக்குச் சொன்னார்கள். ஊரும் நம்பியது. ஆனால் வண்டியோட்டிய பச்சமுத்து, தான் சாகும்போது அர்த்தநாரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். "மேட்டுலயேதான் சாமி. சுண்ணாம்பு கொட்டிப் பொதைச்சோம். உங்க புள்ளயுந்தான்."

அந்தப் பிள்ளை சௌந்திரம். ஐந்து வயது. அர்த்தநாரி நெய்யும்போது, அவர் காலைத் தொங்கப்போட்டு மிதிக்கும் தறிக்குழிக்குள் இறங்கி அவர் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஜில்லா போர்டு காகிதத்தில் 'வெறும் நிலம்' என்று எழுதி அர்த்தநாரி கையெழுத்துப் போட்டார். அஸ்திவாரம் இரண்டடிதானே, செத்தவர்கள் அதற்கும் கீழே தூங்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மனுஷரின் புத்தி எங்கே போயிற்றோ! தறி வந்தால் வீட்டுக்கு வீடு அதைவிட ஆழமாகக் குழி வெட்டுவார்கள் என்பதை அடியோடு மறந்துவிட்டார். வீட்டுக்கு பிளான் போட்ட எஞ்சினியர் மறக்கலாம், அவர் நாற்காலியில் உட்காருகிறவர். நாற்பது வருஷம் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு நெய்தவர் மறக்கலாமா?

குடியேறிய அன்று காலையில் பால் பொங்கி முடித்த கையோடு வீடு வீடாகக் கடப்பாரைச் சத்தம் கிளம்பியது. அர்த்தநாரி ஒவ்வொரு வாசலிலும் நின்று வெட்டிக் கொட்டிய மண்ணின் நிறத்தைப் பார்த்தார். மறுநாள் ஜில்லா போர்டு ஆபீசர் பார்வையிட வருகிறார். எங்கும் செம்மண்ணாகவே வந்துகொண்டிருந்தது. வெயில் ஏறும் வேளையில் ஏழாம் நம்பர் வீட்டுக் கந்தம்மாள் அவர் எதிரே வந்து நின்றாள். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூலிக்கு நெய்யும் கைம்பெண்.

"ஏனுங்க, எங்க குழில மண்ணு வெள்ளையா வருதுங்க. இதும் கெடச்சுதுங்க."

உள்ளங்கையில் கறுத்துப்போன சின்ன வெள்ளித் தண்டை. பூட்டு விட்டுப்போன வாயில் ஜரிகை சுற்றியிருந்தது. சுற்றியவர் அர்த்தநாரிதான். கொட்டாய்க்குக் கொண்டுபோக வண்டி வந்த அன்றைக்குச் சௌந்திரம் குழிக்குள் ஒளிந்து அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை விரல் விரலாகப் பிரித்து வண்டியில் ஏற்றியவரும் அவர்தான்.

"ஊட்டுக்குள்ள பொணங்கிணம் இருக்குமோன்னு பயமா இருக்குதுங்க. புள்ளைங்கள வெச்சிருக்கறவ."

சொன்னால் முப்பது வீடும் பொழுது சாய்வதற்குள் காலி. பணமும் போச்சு. சொல்லாவிட்டால் இவள் கால் அங்கே தொங்க வேண்டும்.

"கொட்டாய் போடறதுக்கு முன்னாடி சுண்ணாம்புக் காளவாய் இருந்த எடம் கந்தம்மா. ஈரம் இழுக்கும், பாவுக்கு ஆவாது. நீ எம்பட ஊட்டுக்கு வந்துரு. நான் இங்க வந்தர்றேன்."

"கேலி பண்ணாதீங்க."

"கேலியில்ல. பொழுதோட சாமானை எடுத்துட்டு வா. உங்குழிய நான் வெட்டிக்கறேன்."

பெஞ்சாதியும் போனபிறகு அவர் ஒண்டியாகக் கிடந்த வீடு அது. பிரசிடென்ட்டுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊர் சிரித்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு மீதிக் குழியைத் தாமே கையால் தோண்டினார். தண்டையை அது கிடந்த இடத்திலேயே வைத்து மண் மூடினார்.

மறுநாள் ஆபீசர் வந்தார். முப்பது தறியும் ஓடுவதைக் கேட்டார். முப்பதில் ஒன்றாக ஏழாம் நம்பரில் அர்த்தநாரி காலைக் குழிக்குள் இறக்கி நெய்துகொண்டிருந்தார். ஆபீசர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மீதித் தவணை வந்துவிடும்.

அதற்குப் பிறகு மூன்று இழைகூட ஓடவில்லை. இடது மிதிகட்டை இறங்க மறுத்தது. கட்டைவிரலைச் சுற்றி ஐந்து சின்ன விரல்கள், சில்லென்று.

அர்த்தநாரி குனிந்து பார்க்கவில்லை. இழை ஓட்டும் நாடாவை மடியில் வைத்துக்கொண்டு, காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். இந்த முறை அவர் பிரிக்கவில்லை.